ரெப்போ குறைந்தும் தவணை ஏன் குறையவில்லை?

ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 6.5-லிருந்து 5.5 சதவீதத்துக்கு இறக்கியும், 2017-ல் வாங்கிய உங்கள் வீட்டுக் கடனின் தவணை அசையவில்லை என்கிறீர்கள். சிக்கல் அந்த 2017-ல்தான் இருக்கிறது.

அப்போது தந்த கடன்கள் பெரும்பாலும் எம்சிஎல்ஆர் வகை. வங்கி தான் திரட்டும் பணத்துக்கு ஆகும் செலவை வைத்துப் போடும் கணக்கு அது. டெபாசிட் வட்டி மெல்ல இறங்கினால் அதுவும் மெல்லத்தான் இறங்கும். வட்டி மாறும் தேதியும் பல கடன்களில் வருடத்துக்கு ஒருமுறைதான். இந்த மந்தத்தைப் பார்த்துத்தான், 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அவற்றில் மூன்று மாதத்துக்குள் மாற்றம் வந்தாக வேண்டும். பழைய கடன் தானாக மாறாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கிளைக்குப் போய் ரெப்போ வகைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கட்டணம் கேட்பார்கள். ரெப்போவுக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டுகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், ஆட்டமே அங்கேதான்.

அப்புறம், கடன் கணக்கு அறிக்கையில் மீதி மாதங்களை ஒருமுறை பாருங்கள். என் கடனில் தவணையைத் தொடாமல் மாதங்களைத்தான் குறைத்திருந்தார்கள். நான் பாதி வருடம் வீணாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.