வித்தியாதரிசி தேவை

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். பரந்தனுக்குக் கிட்ட ஒரு தொழிற்பயிற்சி நிலையம் நடத்தி வருகிறேன். தையல், மோட்டார் சைக்கிள் திருத்தல், வீட்டு மின்னிணைப்பு என்று மூன்று பயிற்சிகள். இவற்றோடு கண்டாவளை, தருமபுரம், முழங்காவில் பக்கங்களில் ஐந்து முன்பள்ளிகளும் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. பயிற்றுநர்களும் ஆசிரியைகளுமாகப் பதினாறு பேர். இதுவரை நானே ஓடித் திரிந்து பார்த்தேன். இனி முடியாது. ஒரு மேற்பார்வையாளரை நியமிக்க நிர்வாகக் குழு சம்மதித்துவிட்டது.

இரண்டு பேர் முன்னுக்கு நிற்கிறார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பித்த பட்டதாரி. கணினியும் ஆங்கிலமும் நன்றாக வரும். நிதி தருபவர்களுக்கு அறிக்கை எழுத உதவுவார். மற்றவர் எங்கள் தையல் பயிற்றுநர். பதினொரு வருட அனுபவம், தேசிய தொழிற் தகைமை 4ஆம் மட்டம். ஆங்கிலம் வராது. அவரை எடுத்துவிட்டால் தையல் வகுப்பு என்னவாகும் என்ற பயமும் இருக்கிறது. யாரை எடுப்பது? நேர்முகத்தில் என்ன கேட்பது? சம்பளம் எவ்வளவு கொடுப்பது? வகுப்புகளில் கமெரா பூட்டினால் மேற்பார்வையாளரே தேவையில்லை என்று குழுவில் ஒருவர் சொல்கிறார், அது சரியா? நான் எழுதிய விளம்பரத்தை இணைத்திருக்கிறேன். திருத்தித் தாருங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது கடிதம் வந்த அன்று நான் மல்லாவியில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தேன். இறந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர். எண்பது வயதைத் தாண்டியவர். பந்தலுக்குள் ஒரு முதியவர் பக்கத்தில் நின்ற பேரனிடம், "எங்கள் வித்தியாதரிசி அம்மா போய்விட்டார்" என்றார். பேரனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. நான் அதைக் கேட்டும் பல வருடங்கள் ஆகியிருந்தன. வழி முழுவதும் அந்தச் சொல்லோடுதான் வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உமது விளம்பரம்: "கண்காணிப்பாளர் தேவை."

பிள்ளை, முதல் வரியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பயிற்றுநர்களைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தக்கூடியவராக இருத்தல் வேண்டும். பயிற்றுநர்களின் வரவு, பயிலுநர்களின் தேர்ச்சி வீதம் என்பவற்றின் அடிப்படையில் மாதாந்த ஊக்குவிப்புத் தொகை வழங்கப்படும்" என்று எழுதியிருக்கிறீர். நீர் இருப்பது வன்னியில். இங்கே கண்காணிப்பு என்ற சொல்லை எங்கள் சனங்கள் எப்படிக் கேட்பார்கள் என்று உமக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? வீட்டில் எத்தனை பேர், யார் வந்தார், எங்கே போனார் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களை உமது ஆசிரியைகள் அத்தனை பேரும் கண்டிருப்பார்கள். போருக்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்த பின்னும் போய்ப் போய்க் கையொப்பம் இட்டவர் உமது பயிற்றுநர்களுக்குள்ளேயே இருக்கக்கூடும். அவரிடம் போய், "நாளை முதல் உம்மைக் கண்காணிக்க ஓர் ஆள் வருகிறார்" என்று சொல்ல உமக்கு வாய் வருமா?

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. கண்காணிதான் தேய்ந்து கங்காணி ஆனது. தருமபுரத்தில் முன்பள்ளி வைத்திருக்கிறீர். அங்கும் விசுவமட்டிலும் கிளிநொச்சியின் குடியேற்றங்களிலும் இருக்கும் பலர், 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றவர்கள். நிறுத்தி எண்ணியவர் கங்காணி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் கங்காணிக்குக் காசு உண்டு. அதனால் காய்ச்சல்காரனும் மலை ஏற வேண்டியிருந்தது. கடனைச் சீட்டில் எழுதி ஆட்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தலைக்குக் காசு என்ற எண்ணம் நூறு வருடம் கழித்து உமது விளம்பரத்தில் இருக்கிறது. அந்த முன்பள்ளியின் ஆசிரியை இதை வாசித்தால் என்ன நினைப்பார் என்று ஒருமுறையாவது யோசித்தீரா?

பாடசாலைகளிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை இங்கிலாந்தில் 1862இல் தொடங்கியது. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவான பிறகு, நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு அது இங்கும் வந்தது. பரிசோதகர் வருவார், பிள்ளையை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கொடுப்பார், தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம். வாசிப்புப் புத்தகத்தை ஆசிரியர்கள் மனப்பாடமாக ஏற்றிவிட, பிள்ளைகள் எழுத்தைப் பார்க்காமலே ஒப்புவித்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இழுபட்ட பிறகுதான் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. உமது நிலையத்தில் இது எப்படி முடியும் என்று சொல்கிறேன். தேர்ச்சி வீதத்துக்குக் காசு வாங்கும் மேற்பார்வையாளர், தேற மாட்டான் என்று தோன்றுகிற பையனை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று பயிற்றுநரிடம் சொல்வார். பயிற்றுநர் பையனிடம் சொல்வார். அவன் அடுத்த நாள் வர மாட்டான். கை நடுங்குகிறவன், வீட்டில் தகப்பன் இல்லாதவன், ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். அவனுக்காகத்தானே பிள்ளை இந்த நிலையத்தைத் தொடங்கினீர்?

வித்தியாதரிசி என்பது அந்தக் காலத்தில் பாடசாலை இன்ஸ்பெக்டருக்கு இட்ட பெயர். தீர்க்கதரிசியில் வருகிற அதே தரிசி. காண்கிறவர். அந்தப் பெயரோடு வந்த எல்லோரும் கண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியரை நடுங்க வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பிறகு வட்டாரக் கல்வி அதிகாரி, கோட்டக் கல்விப் பணிப்பாளர், ஆசிரிய ஆலோசகர் என்று பதவிகளும் பெயர்களும் மாறின. மல்லாவி அம்மா வேலை செய்த காலத்தில் வித்தியாதரிசி என்று ஒரு பதவியே இல்லை. சனங்கள் தாங்களாக அவரை அப்படிக் கூப்பிட்டார்கள்.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போன பிறகு நாங்கள் அக்கராயன் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தோம். பாடசாலை ஒரு பாலை மரத்தின் கீழ் நடந்தது. எனக்கு ஆறாம் ஆண்டுக் கணிதம். கரும்பலகையை அடிமரத்தில் சாய்த்து வைத்துப் பின்னம் படிப்பித்தேன். பிள்ளைகள் உரப்பையை விரித்து நிலத்தில் இருந்தார்கள். இடப்பக்கம் இருந்த எட்டு, ஒன்பது பிள்ளைகளும் எவ்வளவு சொன்னாலும் ஏறாதவர்கள் என்று நான் முடிவெடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பசி, நித்திரை இல்லை, ஓடி வந்த பிள்ளைகள், இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

அம்மா மல்லாவியிலிருந்து சைக்கிளில் வந்தார். அதிபர் கதிரை எடுக்க ஓடினார். அம்மா அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் கடைசியில் இருந்த ஒரு சிறுமியிடம் கேட்டு அவளுடைய உரப்பையில் பாதியில் இருந்தார். பாடம் முடியும்வரை இருந்தார். பேனையை எடுக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நாளைக்கு இந்தப் பாடத்தை நான் எடுக்கட்டுமா? நீர் நான் இருந்த இடத்தில் இரும்."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இரவு நித்திரை வரவில்லை. அம்மா அதிபர் வீட்டில் தங்கி, காலையில் வந்து பின்னம் தொடங்கினார். நான் அந்த உரப்பையில் இருந்தேன். பத்து மணி ஆனதும் இலைகளுக்கு இடையால் வெயில் இறங்கிப் பலகையில் விழுந்தது. பலகை ஒரே வெள்ளையாக மின்னியது. நான் இருந்த இடத்துக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த சிறுமி பலகையைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கை எப்படி வளைகிறது, எங்கே கீறுகிறது என்று பார்த்து, அதிலிருந்து இலக்கத்தை ஊகித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக என் கையையும் அப்படித்தான் பார்த்து எழுதியிருக்கிறாள். பிழையாக எழுதினாள் என்று நான் அவளுடைய காதைத் திருகியிருக்கிறேன்.

அம்மா பலகையைத் தூக்கி மரத்தின் மறுபக்கம் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அதைப் பற்றி அன்றும் என்னிடம் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

உமது நிலையத்துக்குப் படிவம் ஒன்று செய்யப் போவதாக விளம்பரத்தின் கீழே குறித்திருக்கிறீர். வரவு, நேரம், பாடத்திட்டம், சுத்தம் என்று கூடு கூடாகப் புள்ளடி போட. மேலே நான் சொன்னதற்கு எந்தக் கூட்டில் புள்ளடி போடுவீர்?

படிவத்தோடு வந்த ஒருவரையும் கண்டேன். 2010இல், மீள்குடியேறிய ஒரு கிராமத்துப் பாடசாலை. வாகனத்தில் வந்த அதிகாரி வகுப்புக்குள் கால் வைக்காமல் வாசலில் நின்று பாடக்குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார். அந்த ஆசிரியை, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து ஆறு வாரம். தறப்பாளின் கீழ் குடியிருந்தார். பாடக்குறிப்பு பாதிதான் எழுதியிருந்தது. சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் நான்கு வரி குறை எழுதிவிட்டு அதிகாரி போய்விட்டார். அந்த நேரத்தில் ஆசிரியை ஒரு பையனோடு நிலத்தில் இருந்து கற்களை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பையன் மாதக்கணக்காக யாரோடும் பேசாமல் இருந்தவன். அந்த வாரம்தான் அவரோடு சேர்ந்து ஒன்று, இரண்டு என்று வாயசைக்கத் தொடங்கியிருந்தான். ஆசிரியை அடுத்த தவணை இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி உமது கேள்விகள். கமெரா வேண்டாம். அதைச் சொன்னவரிடம், நிலத்தில் கல் அடுக்கும் பிள்ளையின் வாய் அசைந்தது எந்தக் கமெராவில் தெரியும் என்று கேளும். ஆங்கில அறிக்கையைத் தமிழில் எழுதி வாங்கி, மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடும். அதற்காக ஒரு மேற்பார்வையாளரைத் தேட வேண்டியதில்லை. பட்டத்தைப் பற்றி எனக்கு நல்லதும் கெட்டதும் சொல்ல இல்லை.

ஊர்ப் பெண்ணை மேலே தூக்கி வைத்தால் மற்றவர்கள் மதிப்பார்களா என்ற பயமும் உமது வரிகளுக்கு இடையில் தெரிகிறது. 1970களின் பிற்பகுதியில் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் காந்தியம் என்ற தொண்டு அமைப்பை நடத்தியபோது, மலையகத்திலிருந்து வந்தவர்களை வன்னியில் குடியேற்றியதோடு நிற்கவில்லை. கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலைகளும் நடத்தினார்கள். அந்த மருத்துவரை 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொன்றார்கள். அவர்கள் வேலை செய்த மண்ணில் இருந்துகொண்டு, தையல் படிப்பித்த பெண்ணுக்குப் பொறுப்புக் கொடுக்கலாமா என்று நீர் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்காக யாழ்ப்பாணத்துப் பட்டதாரியைக் கழித்துவிடும் என்றும் சொல்லவில்லை. இருவரையும் காணாமல் நான் எப்படிச் சொல்ல முடியும்?

நேர்முகத்தை மேசையில் வைக்காதேயும். இருவரையும் வெவ்வேறு நாட்களில் கூப்பிட்டு ஒரு காலை முழுவதும் மோட்டார் சைக்கிள் வகுப்பில் இருத்தும். தையல் வகுப்பு வேண்டாம், அது ஒருவருக்குச் சொந்த வீடு. கையில் கடதாசியும் தொலைபேசியும் இருக்கக் கூடாது. மதியம் சாப்பாடு கொடுத்துவிட்டு, என்ன கண்டீர் என்று கேளும். பயிற்றுநர் பத்து நிமிடம் பிந்தினார், சுவரில் நேரசூசி இல்லை என்று தொடங்குகிறவர் எண்ணப் பழகியவர். காபரேட்டரைக் கழற்றும்போது ஸ்பனர் பயிற்றுநரின் கையை விட்டு இறங்கவே இல்லை, பின்னால் நின்ற இரண்டு பையன்கள் கடைசிவரை ஒன்றையும் தொடவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைக் கவனியும். சான்றிதழுக்கு மதிப்பிட வெளியிலிருந்து வருகிறவர் பையனின் கையைப் பார்ப்பார். பயிற்றுநரின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் உமக்கு ஆள் தேவை. தையலிலும் இதே கதைதான்: பிள்ளையின் தையல் கோணினால் அதைப் பிரித்துத் தானே தைத்துக் கொடுக்கும் பயிற்றுநரின் வகுப்பில் உடுப்பு அழகாக இருக்கும், பிள்ளைக்குத் தைக்கத் தெரியாது. உமது பதினொரு வருடக்காரர் எப்படிப்பட்டவர் என்று நீரே போய் ஒரு நாள் இருந்து பாரும்.

பிறகு, கண்டதை அந்தப் பயிற்றுநரிடமே சொல்லச் சொல்லும். நீர் பக்கத்தில் பேசாமல் இரும். மனிதரைக் கூச வைக்காமல் சொல்லத் தெரிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

யாரை எடுத்தாலும் கிழமையில் ஒரு நாள் அவர் வகுப்பு எடுக்க வேண்டும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளைக்கு இந்தப் பாடத்தை நான் எடுக்கட்டுமா என்று கேட்க முடியாதவரின் ஆலோசனையை எந்த ஆசிரியரும் எடுக்க மாட்டார். தையல்காரரையே எடுப்பதானால் வகுப்பு அவரை முழுதாக இழக்காது. உமது பயமும் பாதி குறையும்.

சம்பளம் பயிற்றுநர்களை விடச் சற்றுக் கூட இருந்தால் போதும். ஊக்குவிப்புத் தொகையை வெட்டிவிட்டு அந்தக் காசை எல்லோருடைய சம்பளத்திலும் சேரும். பெற்றோல் செலவைத் தனியாகக் கொடும். முழங்காவிலுக்கும் கண்டாவளைக்கும் தன் காசில் ஓட வைத்தால் இரண்டாம் மாதத்திலிருந்து பரந்தனிலேயே இருந்துகொள்வார். ஆளை மாரிக்கு முன்னே எடுத்துவிடும். இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தால் கண்டாவளைப் பக்கம் வெள்ளம் ஏறிவிடும், புதிதாக வருகிறவர் அதற்குள் பாதையைப் பழகியிருக்க வேண்டும்.

அன்புடன்.