நிலம் எழும்பியதால் கடலோரத்தில் படி போல உயர்ந்து நிற்கும் பழைய கடல்தரையில், அதாவது மேடையில், ஒரு சிப்பியை எடுத்து வயது பார்த்தால், நிலநடுக்கம் எப்போது வந்தது என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. சிப்பி எப்போது செத்தது என்பது மட்டும்தான் தெரியும். அது அங்கேயே வாழ்ந்து செத்ததா, புயல் அலை கொண்டுவந்து போட்டதா என்று ஆய்வகம் சொல்லாது. நீங்கள் புராஜெக்ட் தொடங்கப்போகும் ஜியாலஜி மாணவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வட அந்தமானில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தமானின் வடமேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் எழும்பியது. தெற்கே, கிரேட் நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. எங்கள் படகோட்டி அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். "முன்னெல்லாம் நேரா இங்கதான் ஒதுக்குவேன் தம்பி, இப்ப வத்தத்துல தரை தட்டுது" என்று அவர் காட்டிய இடத்தில் பவளத் திட்டு வெளுத்துச் செத்துக் கிடந்தது.

அதில் தட்டைத் தலையோடு இருப்பவை மைக்ரோஅட்டால்கள். வத்த நீர்மட்டத்துக்கு, அதாவது கடல் வற்றும் நேரத்து மட்டத்துக்கு, மேல் இவை வளராது. நிலம் தூக்கினால் தலைப்பகுதி செத்துவிடும். செத்த தலைக்கும், இப்போது கீழே உயிரோடு இருக்கும் பவளத்தின் தலைக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் நிலம் எழுந்த அளவு. சிப்பியில் இந்தக் கணக்கு கிடைக்காது.

வயது பார்க்க, கரைக்குள்ளே இருந்த பழைய பவளங்களைச் சுத்தியலால் உடைத்துப் பார்ப்போம். வளர்ச்சி வரிகள் தெளிவாக இருந்தால் பையில் போடுவோம். உள்ளே கற்கண்டு மாதிரி மின்னினால், பவளம் முதலில் கட்டிய அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், கால்சைட் என்ற வேறொரு கனிமமாக மாறிவிட்டது என்று அர்த்தம். அது காட்டும் வயதை நம்ப முடியாது. எவ்வளவு தூரம் சுமந்து வந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவோம்.

'சிப்பி வயதை வைத்தே எத்தனையோ கட்டுரை வந்திருக்கிறதே' என்று சிலர் வருவார்கள். வந்திருக்கிறது. இரண்டு ஓடும் சேர்ந்தபடி, வாழ்ந்த மண்ணிலேயே புதைந்து கிடைத்தால் நானும் ஏற்பேன். அப்போதும் கடல் உயிரிகளுக்கு ரேடியோகார்பன் (கார்பன்-14) வயது சுமார் 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும். அந்தந்தக் கடலுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அந்த முறை உதவாது. பவளத்துக்கு, யுரேனியம் தோரியமாகச் சிதைவதை வைத்து வயது பார்க்கும் யுரேனியம்-தோரியம் முறைதான்.

இன்னொன்று, மேடை ஒவ்வொன்றும் ஒரு நிலநடுக்கம் இல்லை. பப்புவா நியூகினியின் ஹுவோன் தீபகற்பத்தில் பவள மேடைகள் அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம் வரை நிற்கின்றன. நிலம் எழுந்துகொண்டே இருக்க, பனியுகக் காலங்களில் கடல் ஏறி இறங்கியதில் அமைந்தவை அவை. சுமார் 1,25,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் அதிகம். அந்த வயதுள்ள மேடையின் உயரத்தில் அதைக் கழித்து, வயதால் வகுத்தால் நிலம் எழுந்த வேகம் கிடைக்கும். அந்த வேகம் மாறவில்லை என்று கொண்டால், மற்ற மேடைகளிலிருந்து அந்தந்தக் காலத்துக் கடல்மட்டத்தையும் கணக்கிடலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டுரை வெளிவந்தபோது நன்றியுரையில்கூட அந்தப் படகோட்டி அண்ணன் பெயர் இல்லை. எந்தத் திட்டு எப்போது எழும்பியது என்று முதலில் காட்டியவர் அவர். கேட்டதற்கு, பக்கம் போதவில்லை என்றார்கள். ஒரு வரிக்குமா இடமில்லை?