மூளைச்சாவு அறிவித்த பிறகும் கால் அசைந்தால்

உங்கள் அண்ணனுக்கு மூளைச்சாவு (மூளை மீளமுடியாதபடி முற்றிலும் செயலிழந்த நிலை) என்று அறிவித்து, உறுப்புக் கொடைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்; பாதத்தைத் தொட்டபோது கால்விரல்கள் மடங்கின, அம்மா தயங்குகிறார் என்கிறீர்கள். விரல்கள் மடங்கியதை மட்டும் வைத்து, மூளைச்சாவு அறிவிப்பு தவறு என்று கொள்ள முடியாது.

அது பெரும்பாலும் தண்டுவட அனிச்சைச் செயல். மூளையின் கட்டளையின்றியே தண்டுவடம் இயங்கக்கூடும் என்பதால், சிலருக்குக் கைகள்கூட மார்பை நோக்கி உயர்வதுண்டு. அருகில் நிற்பவர்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்பது வேறு.

உறுப்புக் கொடைக்குக் கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்:

1. செயற்கைச் சுவாசத்தை நிறுத்திச் செய்யும் சோதனையில், இரத்தக் கரியமில வாயுவின் அழுத்தம் வழக்கமான வரம்பான 60 மி.மீ. பாதரசத்தை எட்டிய பின்னும் மூச்சுக்கான முயற்சியே இல்லையா?
2. அப்போது மயக்க மருந்தின் தாக்கமோ உடல் வெப்பக் குறைவோ இல்லை என்று உறுதிசெய்தார்களா?
3. சான்றளித்தவர்கள் உறுப்பு மாற்றுக் குழுவைச் சேராதவர்கள்தானா? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் நான் கையெழுத்திட மாட்டேன்.

ஆனால், மூளையின் சாவை மனிதரின் சாவாகக் கொள்ளலாமா என்னும் வாதம், 1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக் குழு மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்த காலத்திலிருந்தே ஓயவில்லை. சோதனைகள் அதைத் தீர்க்காது. அம்மா தயங்குவது அந்த இடத்தில் என்றால், அண்ணன் இதுபற்றி முன்பு என்ன சொன்னார் என்பதையே முதலில் விசாரியுங்கள்.