மறுமணம் செய்துகொள்ளவில்லை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வயது 68. மதுரையில் இருக்கிறேன். மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில்.

1977இல் நான் அமெரிக்கன் கல்லூரியில் படித்தேன். எனக்குப் பிடித்த ஒரு பெண் மீனாட்சி கல்லூரி. இரண்டு பேருக்கும் ஊர் திருமங்கலம். காலையில் பஸ் ஏறினால் கோரிப்பாளையம் வந்து சேரும்வரை பேச்சுதான். சாதி வேறு என்பதால், அவருடைய எதிர்காலத்தை நினைத்து நானே விலகிக்கொண்டேன். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த கணவர் இறந்துவிட்டாராம். பேத்தியைக் கூப்பிட்டு என் நம்பரை போனில் போடச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலை வணக்கம் அனுப்புகிறேன். பதில் வரும். சில நாள் வராது. வராத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

மிச்சக் காலத்தை அவரோடு கழிக்க வேண்டும், முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இது தவறா? மகனிடம் எப்படிச் சொல்வது? அழகரே தாமதமாகத்தானே வந்து ஆற்றில் இறங்குகிறார்?

அவரை நினைத்து எழுதிய ஏழு கவிதைகளை இணைத்துள்ளேன்.

பெயர் வேண்டாம்,
மதுரை

*

அண்ணே,

மதுரைக்காரர் என்பதால் 'ஐயா'வை விட்டுவிட்டேன்.

தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 68 வயதில் சாப்பாடு இறங்காமல் போவதற்குச் சர்க்கரை, வாயு என்று எத்தனையோ காரணம் இருக்க, உங்களுக்கு இப்படி ஒன்று வாய்த்திருப்பது நல்லதுதான். நான்கு வருடமாக ஒற்றை ஆளுக்கு உலை வைத்துச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

அழகரை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் புறப்பட்டு வருவது தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்கு. பழைய சிநேகிதியைத் தேடி அல்ல. தாலி ஏறிவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்தார்? கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார். மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்துவிட்டு மலைக்குப் போய்விட்டார். கல்யாண வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. கதையைத் தோதான இடத்தில் நறுக்கிக்கொண்டால் எப்படி? (திருமலை நாயக்கர் மீனாட்சி கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது என்ற இரண்டு திருவிழாக்களையும் சேர்த்துவைத்த பிறகு ஒட்டிக்கொண்ட கதை இது என்று சொல்வார்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. அந்த அம்மாவின் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று கொஞ்சம் தள்ளி எழுதியிருக்கிறீர்கள். ரயில்வேயில் அத்தனை வருடம் இருந்தவருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையா?

கணவர் அரசு ஊழியராக இருந்து இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், மேலே அகவிலைப்படி. சாகும்வரை வரும், இல்லையென்றால் மறுமணம் செய்துகொள்ளும்வரை. எது முந்துகிறதோ அதோடு நின்றுவிடும். மத்திய அரசில் பிள்ளையில்லாத விதவைக்கு ஒரு விலக்கு உண்டு, அதற்கும் வருமான வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வருவது மாநில அரசுப் பணம், வீட்டில் பேத்தியே இருக்கிறாள். அந்த விலக்கு அவருக்குப் பயன்படாது.

உங்கள் பென்ஷன் நீங்கள் உழைத்த உழைப்புக்கானது. நாளைக்கே தாலி கட்டினாலும் அதில் ஒரு ரூபாய் குறையாது. அது மட்டுமல்ல, ஓய்வுபெற்ற பிறகு கட்டிய மனைவி என்றாலும் முறையாகத் தெரிவித்துப் பெயரைச் சேர்த்துவிட்டால், உங்களுக்குப் பிறகு அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அண்ணே, அதற்கு நீங்கள் முதலில் சாக வேண்டும். அதுவரைக்கும் அவர் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பரீட்சையிலும் எழுதினோம். அதன் இரண்டாம் பிரிவை எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. மறுமணம் செய்துகொண்டால், செத்துப்போன கணவன் வழியில் அவளுக்கு வந்த உரிமை, அவள் அப்போதே இறந்துவிட்டதுபோல, முடிந்துவிடும். 'இறந்துவிட்டதுபோல' என்பது என் கைச்சரக்கு அல்ல, சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கு அனுமதி கொடுத்த அதே கையால் கருமாதியும் நடத்திவிட்டார்கள். 1956 வாரிசுரிமைச் சட்டம் விதவையைத் தன் பங்குக்கு முழுச் சொந்தக்காரி ஆக்கியது. 1983இல் பழைய சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆக, கணவர் வழியில் அந்த அம்மாவுக்குச் சேர்ந்த வீடு இருந்தால், உங்களைக் கட்டிக்கொண்டதற்காக இன்று யாரும் அதைப் பிடுங்க முடியாது. வீடு தப்பித்தது. மாசச் சோறு தப்பிக்கவில்லை.

சோழவந்தானில் என் அத்தை இருக்கிறார். மாமா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து இறந்தவர். அத்தையைப் பென்ஷனுக்கான கருவூல நேர்காணலுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. உயிரோடு இருப்பதற்குக் கையெழுத்து. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கும் கையெழுத்து. முன்பெல்லாம் மேஜையில் ஒரு பையன் இருப்பான். நல்ல பையன்தான், கிண்டலுக்குக் கேட்பான்.

“என்ன அப்பத்தா, கல்யாணம் கில்யாணம் கட்டிக்கிடலையே?”

“ஒங்க தாத்தன் சும்மா இருந்தா வரச்சொல்லு, பாப்போம்.”

வரிசையில் நிற்கும் கிழவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். தன் வேலைக்காகப் பென்ஷன் வாங்குகிற அவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அத்தைக்கு ஆள் இருந்தார். தாய்மாமன் மகன். வெற்றிலைக் கொடிக்கால் பங்குத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று, கூடிவந்த சம்பந்தம் முறிந்துபோனது. அவரவர் கல்யாணம், பிள்ளைகள், பேரன் பேத்தி என்று காலம் ஓடி, அவர் மனைவியும் போய்ச்சேர்ந்த பிறகு, அத்தை வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வெற்றிலை இல்லாமல் வரமாட்டார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சோழவந்தான் வெற்றிலைதான், அதிலும் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளிவருவார். அத்தைக்குப் பல் கிடையாது, உரலில் இடித்துத்தான் போடுவார். இடித்து முடிக்கும்வரை இவர் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் கட்டிக்கொள்ளலாம் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். வீட்டில் பெரிய ரகளை நடக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அத்தையின் பெரிய மகன் மானம், மரியாதை, சொந்தபந்தம் எதையுமே இழுக்கவில்லை. “பென்ஷன் போயிரும்லம்மா” என்றான். அவ்வளவுதான். தான் கெட்டவனாகாமல் காரியம் முடிந்ததில் அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, போன வாரம்கூட அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

அவருக்குக் கோபம். “காசுதான் ஒனக்குப் பெருசாப் போச்சா?” என்று கேட்டிருக்கிறார். அத்தை சொன்னதை அத்தை வாயாலேயே பிற்பாடு கேட்டேன்.

“ஆமா மச்சான், பெருசுதான். அந்தக் காசு வர்ற வரைக்கும்தான் மருமக தட்டுல சோத்தப் போட்டு முன்னால கொண்டாந்து வைக்கிறா. பேரன் பீசு கட்டணும்னா என்னையத் தேடி வர்றான். அத விட்டுட்டு வந்து ஒங்ககிட்ட பொகையிலைக்குக் காசு கேட்டு நிக்கவா?”

சில மாதம் அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் வெற்றிலையோடு வந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை வந்தார், கல்யாணப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. ஊர் பேசாமலா இருந்தது? தாலி கட்டினால் பென்ஷன் போகும், கட்டாமல் வந்துபோனால் பேர் போகும். ஒன்றைச் சர்க்கார் பிடித்துக்கொண்டிருந்தது, இன்னொன்றைத் தெரு. இதற்கு நடுவில் ஒரு மனுஷி வெற்றிலை போட வேண்டியிருக்கிறது. அத்தையின் இந்த வருடப் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

'நானே விலகிக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள், படிக்கும்போதே எரிச்சலாக வந்தது. சாதியை அரை வரியில் தாண்டிவிட்டு, அதற்குள் ஒரு தியாகத்தையும் வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவருடைய எதிர்காலத்தை நீங்களே முடிவு செய்தீர்கள், நீங்களே ரயில்வே பரீட்சை எழுதப் போனீர்கள். இன்றைக்கும் அவருடைய மிச்சக் காலத்தை நீங்களே முடிவு செய்துவிட்டு, மகனிடம் சொல்வதற்கு மட்டும் என்னிடம் வழி கேட்கிறீர்கள். அந்த அம்மா யார் வீட்டில் இருக்கிறார், முழங்கால் வலி உண்டா, பாஸ்புக் யார் கையில் இருக்கிறது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா? ஏழு கவிதைகளையும் படித்தேன். ஏழிலும் தாவணி வருகிறது. அவர் தாவணியை விட்டுச் சேலைக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று விட்டுவிடாதீர்கள். பேத்தியைக் கூப்பிட்டு நம்பரைப் போடச் சொன்னது அவர்தான். அது சின்ன விஷயம் இல்லை. அத்தனை சொந்தக்காரர்கள் இருக்கும் மண்டபத்தில் அதைச் செய்ய அவருக்குத் தைரியம் இருந்திருக்கிறது. அதனால் போய்ப் பாருங்கள். ரோஜாப்பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கப் படங்களை நிறுத்திவிட்டு, என்றைக்கு வரலாம் என்று கேளுங்கள்.

பென்ஷன் பேச்சை நீங்களே முதலில் எடுங்கள். அவர் எடுக்கட்டும் என்று விட்டால் காசுக்காரி என்ற பெயர் அவருக்குத்தான் வரும். கல்யாணம் செய்தால் அவருக்கு மாதம் எவ்வளவு நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே தொகையை, அவர் மட்டும் எடுக்கும் ஒரு கணக்கில், மாதாமாதம் கேட்காமலே உங்களால் போட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் கேளுங்கள். அப்போதும் அவர் வேண்டாம் என்று சொல்லலாம். முடியாது என்றால் கல்யாணப் பேச்சு வேண்டாம், வாரம் ஒருமுறை போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வாருங்கள். தெரு பேசும். 68 வயதில் அதைத் தாங்க முடியாதா என்ன? அவரால் முடியுமா என்பதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லுங்கள். ராத்திரி, அவன் சாப்பிட்டு முடித்த பிறகு.