இரண்டு நாள் பயிலரங்கு: பணத்தில் பாதி மூன்றாம் நாளுக்கு

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்துகிறோம். பென்னாகரம் பக்கத்து மகளிர் குழுக்களுக்குச் 'சமூகத் தொழில்முனைவு' பற்றி இரண்டு நாள் பயிலரங்கு நடத்த ஒரு நிறுவனம் 80,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறது. 60 பேராவது வர வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. போன வருடமும் இப்படி ஒன்று நடத்தினோம். சான்றிதழ் கொடுத்தோம், எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள், ஆனால் ஒருவர்கூடத் தொழில் தொடங்கவில்லை. இந்த முறை யாரைப் பேச அழைக்கலாம்? என்னென்ன தலைப்புகள் வைக்கலாம்?

பதில்: பேச்சாளரைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது 60 என்ற எண்ணும் 'இரண்டு நாள்' என்பதும்தான். போன வருடத் தோல்விக்குப் பேச்சாளர் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. மண்டப வாடகை, சாப்பாடு, பை, பேனா, பயணப்படி என்று பணம் அந்த இரண்டு நாளிலேயே கரைந்திருக்கும். மூன்றாம் நாள் ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து, 'சரி, இதை எங்கே விற்பது, யாரிடம் கேட்பது' என்று யோசிக்கும்போது பதில் சொல்ல ஆளும் இல்லை, ஆள் வைக்கப் பணமும் இல்லை. அதனால் 80,000 ரூபாயில் பாதியைப் பயிலரங்கு முடிந்த பிறகான ஆறு மாதத்துக்கு ஒதுக்குங்கள். இதை முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாகவே இடத்தில் வந்து உட்காரும்.

முதலில் நிகழ்ச்சி நிரலிலிருந்து எதை எடுப்பது என்று பாருங்கள். குழு என்றால் என்ன, சேமிப்பு ஏன், ஒற்றுமை எதற்கு என்ற உரைகள் உங்கள் ஊருக்குத் தேவையில்லை. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ல் தமிழ்நாட்டு அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியதே தருமபுரியில்தான். கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி அது. அங்கே தீர்மான நோட்டு எழுதிப் பழகிய தலைமுறையின் மகள்கள் இப்போது குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று 'அதிகாரமளித்தல்' என்று திரையில் படம் காட்டுவது நேர விரயம். வெற்றி பெற்றவர் வந்து தன் கதையைச் சொல்லும் அமர்வும் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கைதட்டல் கிடைக்கும், கணக்கு வராது.

60 பேரை 20 ஆக்குங்கள். அந்த இருபது பேரையும் தனித்தனியாக அழைக்காமல் ஜோடியாக அழையுங்கள். அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா வங்கியின் வாடிக்கையாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதுவும் இரண்டு நாள் பயிற்சிதான். சிலரைத் தனியாகவும் சிலரை ஒரு தோழியோடும் அழைத்தார்கள். தோழியோடு வந்தவர்கள்தான் பிறகு கடன் வாங்கித் தொழிலில் போட்டார்கள், நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது அவர்கள் குடும்ப வருமானமும் கூடியிருந்தது. தனியாக வந்தவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. வீட்டில் 'இதெல்லாம் நமக்கு எதுக்கு' என்று கேட்கும்போது பக்கத்துத் தெருவில் இன்னொருத்தி அதையே செய்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய துணை என்பது குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே ஏதாவது செய்து விற்கிறவரும் அவர் நம்பும் ஒருவரும் என்று பத்து ஜோடி போதும். தேர்வை ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் வையுங்கள். குழுக்களைக் கவனிக்கும் ஊக்குநருக்கு வேண்டியவர்கள் மட்டும் வந்தார்கள் என்ற பேச்சு வராது.

இனி பயிற்சியின் நடுப்பகுதி. ஒரே பாடம்தான் வைக்க முடியும் என்றால் அடக்கவிலையை, அதாவது ஒரு பொருளுக்கு எல்லாம் சேர்த்து ஆகும் செலவை, வையுங்கள். உங்கள் பகுதிப் பொருளையே எடுத்துக்கொள்வோம். பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பெண்கள் கூலிக்குப் புளியங்கொட்டை எடுப்பது வழக்கம். அதையே சொந்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று ஒரு குழு நினைக்கிறது. கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. விலையையும் கூலியையும் உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடு நீக்கிய கொட்டைப் புளி 100 கிலோ, கிலோ 60 ரூபாய் என்றால் கொள்முதல் 6,000. அதில் சுமார் 60 கிலோ புளி தேறும், மீதி பெரும்பாலும் கொட்டை. ஆக, ஒரு கிலோ புளிக்கு 100 ரூபாய். பாக்கெட், லேபிள் 8, வண்டிச்செலவு 5, சேதாரம் 3. கொட்டையை விற்று வருவதில் கிலோவுக்கு 6 ரூபாய் கழிப்போம். மொத்தம் 110. 'கடையில் 140க்குக் கொடுத்தோம், கிலோவுக்கு 30 லாபம்' என்பார்கள். இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்: உங்கள் கூலி எங்கே? நூறு கிலோவுக்கு எட்டு ஆள் வேலை, ஆளுக்கு 300 ரூபாய் என்றால் 2,400, அதாவது கிலோவுக்கு 40. உண்மையான அடக்கவிலை 150. 140க்கு விற்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கைநஷ்டம். இன்னொரு விதமாகச் சொன்னால், 60 கிலோவில் வந்த 1,800 ரூபாயை எட்டு ஆளுக்குப் பிரித்தால் 225. 300 ரூபாய்க் கூலிக்குப் போகக்கூடிய பெண், முதலாளி என்ற பெயரோடு 225க்கு வேலை செய்திருக்கிறாள், கடன் பொறுப்பும் அவள் தலையில். குழுத் தொழில்கள் ஒரு வருடத்தில் சத்தமில்லாமல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று அறிக்கையில் எழுதிவிடுகிறோம்.

இந்தக் கணக்கைப் பயிற்றுநர் பலகையில் போட்டுக் காட்டினால் போதாது. ஒவ்வொரு ஜோடியும் தன் பொருளுக்குத் தானே போட வேண்டும். அரை நாள் ஆகும், ஆகட்டும். தராசு, பொருள், பாக்கெட் எல்லாம் மேசையில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பதிவு என்று பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு வரைக்கும் போக வேண்டாம். டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் வாங்கித் தொழில் செய்கிறவர்களிடம் நடந்து 2014ல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் பிரித்து வைப்பது போன்ற எளிய விதிகள் மட்டும். கணக்குப் பழக்கம் திருந்தியது இரண்டாவது பிரிவினரிடம்தான். இரண்டு சுருக்குப் பை, ஒரு நோட்டு, தனக்கென்று வாரக்கூலி எடுத்து அதை நோட்டில் எழுதும் பழக்கம். முதல் மூன்று மாதத்துக்கு இவ்வளவு போதும்.

இப்போது யாரை அழைப்பது என்ற உங்கள் கேள்வி. நான் அழைப்பவர்களில் முதல் ஆள் ஒரு மளிகை மொத்த வியாபாரி. 'இந்தப் பாக்கெட்டை நீங்கள் ஏன் வாங்க மாட்டீர்கள்' என்று அவரைக் கேளுங்கள். ஈரம் அதிகம், நார் இருக்கிறது, எடை சரியில்லை, மாதாமாதம் வருமா என்று அவர் சொல்கிற நாலு குறையில் ஒரு நாள் பாடம் இருக்கிறது. அடுத்து உணவுப் பாதுகாப்பு அலுவலர். லேபிளில் நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் போட்ட நாள், முகவரி, பதிவு எண் என்று என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அவர் வாயால் கேட்பது நல்லது. வங்கி மேலாளர் உரையாற்ற வர வேண்டாம். கடன் விண்ணப்பப் படிவத்தோடு வந்து, எந்தெந்த இடத்தில் விண்ணப்பம் திரும்பிவிடும் என்று காட்டிவிட்டுப் போகட்டும். அரசுத் திட்டங்களை வரிசையாக ஒப்பிக்கும் அமர்வைத் தவிர்த்துவிடலாம். தேவைப்படுகிறவரை மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் கூட்டிப்போனால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஒரு எச்சரிக்கை: சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும் தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பயிலரங்கிலேயே ஒருவருக்குப் பதிவு செய்து காட்டிவிடுங்கள்.

தொழில்திறன் பயிற்சியை நீங்கள் தர முயல வேண்டாம். அதற்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. 1982ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சிதான் இவற்றுக்கு முன்மாதிரி. பயிற்சி இலவசம், தங்கும் இடமும் சாப்பாடும் உண்டு, முடிந்த பிறகும் இரண்டு வருடம் தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. உங்கள் பத்து ஜோடியில் யாருக்கு என்ன திறன் குறைகிறதோ அதற்கு அங்கே அனுப்புங்கள்.

'சமூகத் தொழில்முனைவு' என்பதில் உள்ள 'சமூக' என்ற முன்னொட்டுக்கு வருவோம். அறக்கட்டளையின் பெயரிலேயே வியாபாரத்தைத் தொடங்கிவிட வேண்டாம், அதன் லாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்க முடியாது. உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து பதிவு செய்யலாம், அவர்களே உரிமையாளர்கள். ஆனால் தணிக்கை, ஆண்டுத் தாக்கல் என்று வருடா வருடம் செலவு இருக்கிறது, விற்பனை நிலைபெறாமல் அதில் இறங்கினால் மூச்சு முட்டும். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை 1990களிலேயே பழங்குடியினரோடு தேன் வேலையைத் தொடங்கியது. அந்த மக்களே உரிமையாளர்களாக ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவானது 2013ல். நடுவில் அத்தனை வருடம். அந்த நிறுவனத்துக்கு 2021ல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்ததைப் பேச்சாளர்கள் சொல்வார்கள், அதற்கு முந்தைய வருடங்களைச் சொல்வது குறைவு. உங்கள் பெண்கள் இப்போதைக்குக் குழுவின் பெயரிலோ தனித்தனியாகவோ விற்றுப் பார்க்கட்டும்.

சமூக மேம்பாடு உண்டா இல்லையா என்பதை வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: விற்ற பணம் யார் கையில் இருக்கிறது, பொருள் வாங்க யார் போகிறார்கள், விலையை யார் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரில், ஏ.டி.எம். அட்டை வீட்டுக்காரர் சட்டைப்பையில் என்றால் பயிலரங்கு எட்டிய தூரம் அவ்வளவுதான். இதற்காக ஒரு மாலை குடும்பத்தாரையும் அழைத்து உட்காரவைப்பது பயன்தரும். பயிற்சி நேரத்தைப் பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்றரைக்குள் முடியுங்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை அமர்த்துங்கள். இவ்வளவு சின்ன விஷயத்தால்தான் பாதிப் பேர் இரண்டாம் நாள் வராமல் போகிறார்கள்.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம். இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் மூன்று வாரம் விடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஊராட்சிக் கட்டடம், சாப்பாடு, பயிற்றுநர் எல்லாம் 25,000. அந்த மூன்று வாரத்தில் பத்து ஜோடிக்கும் தலா 1,500 கொடுத்துச் சின்ன அளவில் செய்து விற்றுவரச் சொல்லுங்கள், 15,000. இரண்டாம் நாள் முழுக்க அந்த விற்பனை அனுபவத்தைப் பற்றித்தான் பேச்சு. குழுக்களிலிருந்தே வந்து மற்றக் குழுக்களுக்கு வழிகாட்டும் அனுபவமுள்ள ஒரு சமுதாய வளப் பயிற்றுநரைப் பகுதிநேரமாக வைத்து மாதம் 4,000 வீதம் ஆறு மாதம், 24,000. அந்த ஆறு மாதத்தில் பத்து ஜோடியும் இரண்டு முறை கூடிப் பேச 8,000. மீதி 8,000 எதிர்பாராத செலவுக்கு.

நிறுவனத்தாரிடம் '60 பேர் வேண்டாம்' என்று மட்டும் போய்ச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு நிதியாண்டுக் கணக்கு இருக்கிறது, மார்ச் நெருங்கும்போது பயிலரங்குகள் குவிவது அதனால்தான். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.) விதிகளில் 'தொடர் திட்டம்' என்ற வகை உண்டு, பணத்தை அடுத்த ஆண்டுக்கும் நீட்டிச் செலவிட அதில் இடம் இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முதல் நாளுக்குப் படம் எடுக்க வரட்டும். ஆறாம் மாதம் பத்து ஜோடியின் கணக்கு நோட்டுகளின் நகலும் தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, தேதி. புளியை எடுப்பதாக இருந்தால் முதல் நாளைத் தை பிறந்ததுமே வைத்துவிடுங்கள். சரக்கு வருவது மாசி, பங்குனியில்தான், வருடம் முழுக்க விற்க வேண்டியதை அப்போதே வாங்கி வைக்க வேண்டும். அதற்கான கடன் அதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். அந்தப் பருவம் தவறிவிட்டால் புளியை விட்டுவிட்டுக் கேழ்வரகு, சாமை என்று போங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் அது பற்றி விசாரித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.