கொலை வழக்கில் விடுதலை: குடும்பமே அப்பீல் போகலாமா?

காரைக்குடிப் பக்கமிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அண்ணனை வெட்டிக் கொன்ற வழக்கில் செஷன்ஸ் கோர்ட் போன மாதம் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டது. ஊரே கொதிக்கிறது, அஞ்சு விளக்கு முனையில் பிளெக்ஸ் வைத்து மறியல் பண்ணுவோம் என்று இளவட்டங்கள் நிற்கிறார்கள். அரசாங்கம் அப்பீல் போகாவிட்டால் எங்கள் கதை முடிந்ததா என்று கேட்கிறார்.

முடியவில்லைம்மா. பாதிக்கப்பட்டவர் தரப்பே நேரடியாக அப்பீல் போகலாம் என்ற உரிமை 2009 டிசம்பர் 31 முதல் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 372-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413. விடுதலையை எதிர்த்து அரசு போனால் ஹைகோர்ட்டின் முன் அனுமதி வேண்டும், உங்களுக்கு அது வேண்டாம் என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உங்கள் மாவட்டத்துக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளைதான்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: மனுவில் யார் கையெழுத்துப் போடுவது? சட்டம் சொல்லும் 'பாதிக்கப்பட்டவர்' என்பதில் சட்டப்படியான வாரிசு அடங்குவார், ஆனால் அண்ணனுக்கு மனைவி மக்கள் இருக்கும்போது தங்கை வாரிசாக மாட்டார். அதனால் அண்ணியோ உங்கள் ஆத்தாவோ போடட்டும், நீங்கள் கூட நின்று நடத்துங்கள். கால தாமதம் கூடாது. அரசு அப்பீலுக்கு 90 நாள் கெடு, நீங்களும் அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள். நகல் வந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள். 'சந்தேகத்தின் பலன்', அதாவது குற்றம் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று எதிரிகளுக்குத் தரும் சலுகை, எந்த இடத்தில் தரப்பட்டது என்று தேடுங்கள். உதாரணத்துக்கு, அரிவாளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) கையெழுத்துப் போட்டவர், கூண்டில் ஏறி "ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்" என்று சொல்லியிருப்பார், அந்த ஒரு வரியில் வழக்கு சாய்ந்திருக்கும். இப்படிப் பேச்சை மாற்றும் பிறழ் சாட்சி சொன்னதெல்லாம் குப்பை என்று சட்டம் சொல்லவில்லை, அதில் நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம். கீழ்க்கோர்ட் அதை விட்டுவிட்டதா என்று பாருங்கள், அப்பீலின் உயிர் அங்கேதான் இருக்கும். ஆனால் ஒன்று, விடுதலையானவர் நிரபராதி என்ற அனுமானம் இப்போது இரட்டிப்பாகிவிட்டது. இரண்டு விதமாகப் பார்க்க முடிகிற சாட்சியம் என்றால் ஹைகோர்ட் பொதுவாகத் தலையிடாது.

ஊர்க் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்ட மாடல் ஜெசிகா லால் வழக்கில் 2006 பிப்ரவரியில் விடுதலை என்றதும் டெல்லியே மெழுகுவத்தியோடு தெருவுக்கு வந்தது, அரசு அப்பீல் போனது, அதே டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட் முக்கியக் குற்றவாளியான மனு சர்மா என்பவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கூட்டம் கவனத்தைக் கொண்டுவந்தது, தண்டனையைக் கொண்டுவந்தது பதிவில் இருந்த சாட்சியம்.

தீர்ப்பை நியாயமாக விமர்சிக்கலாம், அது கோர்ட் அவமதிப்பு ஆகாது. ஆனால் விடுதலையானவர் படத்தைப் போட்டு 'கொலைகாரன்' என்று பிளெக்ஸ் வைத்தால் அவதூறு வழக்கு உங்கள் தம்பிமார் மேல்தான் பாயும், வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தீர்ப்பு நகல், எஃப்ஐஆர், சாட்சி வாக்குமூலங்கள், வாரிசுச் சான்றிதழ் நான்கையும் எடுத்துக்கொண்டு அண்ணியோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், மதுரையில் வக்கீல் வைக்க அங்கேயே வழி சொல்வார்கள்.