முழங்கால் தேய்மானம் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க வோமாக் (WOMAC) என்ற கேள்விப் படிவம் மட்டும் போதுமா?

போதாது. நீங்கள் பிசியோதெரபி முதுநிலை மாணவர், ஆய்வுத் தலைப்பு பதிவாகிவிட்டது, படிவத்தை இப்போதுதான் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

வோமாக்கில் 24 கேள்விகள். வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட இயக்கத்துக்கு 17. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக மொத்தம் 96. வாழ்க்கைத் தரத்துக்கென்று ஒரு கேள்விகூட இல்லை. ஆனாலும் 96-க்கு இத்தனை என்று கூட்டி, அதற்கு ‘வாழ்க்கைத் தரம்’ என்று பெயர் சூட்டும் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. கையெழுத்துப் போடும் வழிகாட்டிகள் படிவத்தைப் புரட்டியாவது பார்ப்பார்களா? வோமாக்கை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். வலியையும் இயக்கத்தையும் அளக்க நல்ல கருவிதான். உரிமம் வாங்க வேண்டும், அவ்வளவே.

கூஸ் (KOOS) என்ற முழங்கால் கேள்விப் படிவத்தை எடுங்கள். இலவசம். வலி, அறிகுறிகள், அன்றாட இயக்கம், விளையாட்டு, வாழ்க்கைத் தரம் என்று 5 பகுதிகளில் 42 கேள்விகள், வோமாக் கேள்விகளும் அதற்குள்ளேயே அடக்கம். வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் கடைசி 4 கேள்விகள்தான் உங்களுக்கு வேண்டியவை: முழங்கால் தொந்தரவு எத்தனை முறை நினைவுக்கு வருகிறது, அதற்காக வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டாரா, காலை நம்ப முடியாத கவலை எவ்வளவு, மொத்தத்தில் எவ்வளவு சிரமம். இங்கும் ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரைதான். பதில்கள் 3, 2, 3, 2 என்றால் சராசரி 2.5. அதை 25-ஆல் பெருக்கி 100-இலிருந்து கழித்தால் 37.5. இதில் 100 என்றால் தொந்தரவே இல்லை. வோமாக்கில் எண் ஏற ஏற நிலைமை மோசம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் இதைக் குறிப்பிடாமல் விடாதீர்கள். கூஸின் 5 பகுதிகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கவும் வேண்டாம்.

நம் ஊரில் இடறுவது வேறு இடத்தில். குளியல் தொட்டியில் இறங்குவது, காலுறை மாட்டுவது என்றெல்லாம் கேட்டால் கிராமத்துப் பாட்டி என்ன சொல்வார்? விட்டுவிடுவார். அங்கே 0 போட்டு நிரப்பாதீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் 0 என்றால் சிரமமே இல்லை என்று பொருள். ஒரு பகுதியில் பாதிக் கேள்விகளுக்காவது பதில் இருந்தால், பதில் வந்தவற்றின் சராசரியை வைத்தே கணக்கிடலாம். குந்துவதும் மண்டியிடுவதும் ‘விளையாட்டு’ப் பகுதியில் இருப்பதால் ‘இந்த வயதில் விளையாட்டா’ என்று அந்தப் பக்கத்தையே தள்ளிவிடுவார்கள். தலைப்பை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் வாசியுங்கள். சம்மணமிட்டு உட்காருவது பற்றிக் கேள்வியே இல்லை. தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணில் கலக்காதீர்கள்.

எந்தக் கால் என்பதை முதலிலேயே எழுதுங்கள். கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும். கூட வந்த மகள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அது மகளின் கணிப்பு. சிகிச்சைக்கு முன் நேரில் வாசித்துக் கேட்டிருந்தால், பின்பும் நேரில் வாசித்தே கேளுங்கள். தொலைபேசிக்கு மாறினால், எண் ஏறியது சிகிச்சையாலா, கேட்ட விதத்தாலா என்று பிரிக்க முடியாது.